மேலே ஓடிய டிராம்

நாகசாகியில் எனக்கு மட்டும்
இரண்டு டிராம் வரும்.
ஒன்று தண்டவாளத்தில்.
மற்றது அதற்கு இடப்பக்கம், ஒரு முழம் உயரத்தில்,
எந்தக் கம்பியையும் தொடாமல்,
ஈரமே ஆகாத மாதிரி.
கீழே இருப்பதுதான் நிஜம் என்று பழக
ஒரு வருடம் ஆயிற்று.
ஒரே முறை தவறானதில் ஏறினேன்;
முழங்காலில் தழும்பு இருக்கிறது.

பணிமனையில் தொலைந்த பொருள் பிரிவு என்னுடையது.
குடைகள், ஒற்றைக் கையுறைகள்,
ஒரு தடவை யாருடையதோ பல்செட்டு.
எல்லாவற்றையும் மூக்குவரை தூக்கிப் பார்த்துத்தான்
பதிவேட்டில் எழுதுவேன்.
மைனஸ் இருபத்திரண்டு.
கண்ணாடிக் கடைக்காரர் எண்ணைத் திருப்பிக் கேட்டு
பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

இடது கண் ஒன்பது வருடமாக
மூக்கின் அடிவாரத்தைக் காவல் காத்தது.
வெளியே திரும்பாது. மேலே வராது.
குடை கேட்டு வந்தவர்கள்
"இங்கே பாருங்கள், உங்களிடம்தான் பேசுகிறேன்" என்பார்கள்.
பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், வலது கண்ணால்.
வந்தவர்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று
மேலாளர் ஷிமோமுரா எழுதியது
என் கோப்பில் உண்டு.
பொய் இல்லை.
ஏற மறுத்தது கண்,
நான் அல்ல.

டாக்டர் இசோகாயின் இழுப்பறையில்
இதற்கென்றே ஒரு காலுறை, குதிகால் கிழிந்தது,
உள்ளே வேகவைத்த முட்டை.
"கண் உருண்டை என்பார்கள். உங்களுடையது உருண்டை இல்லை.
பின்பக்கமாக நீண்டு நீண்டு இப்படி ஆகிவிட்டது.
மேலே ஒரு தசை, வெளிப்பக்கம் ஒரு தசை.
நடுவே விட்ட இடுக்கில்
பின்புறம் பிதுங்கிவிட்டது.
பின்னால் மேலே போனால்
முன்னால் கீழேதானே வரும்?"
கிழிசல் வழியே முட்டை வழுக்கையாக எட்டிப் பார்த்தது.
"முட்டையைத் தொட மாட்டேன்.
கிழிசலைத் தைப்பேன்.
இரண்டு தசைக்கும் சேர்த்து ஒரு முடிச்சு,
கரையாத நூல்.
உள்பக்கத் தசை ரொம்ப இறுகிக் கிடக்கிறது,
அதைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துவேன்."
"பவர் குறையுமா?"
"குறையாது."
அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்
கையெழுத்துப் போட்டேன்.

மயக்க மருந்து கொடுத்த இளைஞர் மறுநாள் வந்தார்,
கைமாற்று வாங்கியதை ஒப்புக்கொள்கிறவர்போல.
தசையைக் கொக்கியில் இழுத்தபோது
உங்கள் இதயம் முப்பத்தெட்டுக்கு இறங்கியது,
கொக்கியைத் தளர்த்தியதும் ஏறிவிட்டது,
சிலருக்கு இப்படி ஆகும்,
கண்ணிலிருந்து நெஞ்சுக்கு நரம்புவழி உண்டு என்றார்.
காதல் பாட்டு எழுதுகிறவர்களுக்கு இது தெரியுமா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
தலை சுற்றுகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்தார்கள்.
தர்பூசணி நிறத்தில் வெள்ளைவிழி.
நர்ஸ் விரலை ஆட்டினாள்: மேலே, வெளியே.
கண் போனது,
வெகுநாள் பூட்டிக்கிடந்த ஜன்னல்போல
பாதிவரை.
"தொகியே சான், எத்தனை விரல்?"
ஒன்று என்றேன்.
சொன்னபிறகுதான் அது விளங்கியது.

மூன்றாவது வாரம் வேலைக்குப் போனேன்.
முதலில் வந்தவர் நீலக் குடைக்காரர்.
குடையைத் தூக்கி மூக்கருகே பிடித்தேன், வழக்கம்போல,
கைப்பிடியில் பல்லால் கடித்த தடம்.
நிமிர்ந்தால் அவர்
நேராக என் இரண்டு கண்களையும் பார்க்கிறார்,
சாதாரணமாக,
ஒரு மனுஷி இன்னொருவரைப் பார்க்கலாம் என்பதுபோல.
எனக்கு முகம் சுட்டது.
பதிவேட்டில் குனிந்து
எழுதிய வரியையே மறுபடி எழுதினேன்.
கண் இப்போது ஏறுகிறது.
நான்தான்.

சாயங்காலம் மழை.
நிறுத்தத்தில் டிராம் வந்து நின்றது.
பழக்கத்தில் கீழே இருப்பதைத் தேடினேன்,
பிறகு இடப்பக்கம், ஒரு முழம் மேலே:
மின்கம்பி, தூறல்,
யாருடையதோ மாடியில் நனையும் துணி.
கதவு திறந்தே இருந்தது.
ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்
காத்திருந்தார்.